ஒன்பது மணிக்குப் பூட்டுகிற நாய்ப் பூங்கா

முதல் தடவை இந்தப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பதே கால். வாசலில் பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு பலகை: ‘வெயில் காலத்தில் காலை 5.30 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை மட்டும்.’ அரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தேன். பின் இருக்கையில் என் நாய் செவலை கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு வேலிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே காவலாளி தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, பத்து நிமிஷம் விடுங்களேன். ரொம்ப தூரத்திலிருந்து வர்றோம்.”

அவர் கோபப்படவில்லை. வேலி ஓரமாக வந்து, “அந்தத் தரையில கை வெச்சுப் பாருங்கம்மா” என்றார்.

வாசலுக்கு முன்னால் சிமெண்டுத் தளம். குனிந்து புறங்கையை வைத்தேன். நான்கு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். ஏழு நொடி கை வைக்க முடியாத தரையில் நாயை நடத்தக்கூடாது என்பது நாய் வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் கேட்டேன். ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினேன். வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

இப்போது அங்கே போக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. வாரத்தில் நான்கு நாளாவது போகிறோம். இந்தப் பூங்காவில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், அந்தப் பூட்டைத்தான் சொல்வேன்.

காரணம் சொல்கிறேன். அதற்கு முன்பு வேறொரு பூங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே நேரக் கட்டுப்பாடே கிடையாது, எப்போது போனாலும் கதவு திறந்திருக்கும். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணி பத்தரை இருக்கும். வானம் மூட்டமாக இருந்ததால் வெயில் இல்லை என்று நினைத்துவிட்டேன். வெயில் இல்லைதான், ஆனால் சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம். செவலைக்கு அன்றைக்குப் பொருத்தமான கூட்டாளி கிடைத்துவிட்டது. அவன் வயதே இருக்கும், உயரமும் அவன் உயரம்தான். இருபது நிமிடம் இரண்டும் நிற்கவேயில்லை. துரத்துவது, புரள்வது, எழுந்து மறுபடி துரத்துவது. வாரம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்தவன், நன்றாக ஓடட்டும் என்று நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் மாறியது நாக்கு. ஓடி முடித்ததும் ஒரு பக்கமாகத் தொங்குமே, அந்த நாக்கு இல்லை. நுனி அகலமாக விரிந்து, கரண்டி மாதிரி மேலே வளைந்து, கருஞ்சிவப்பாக இருந்தது. எச்சில் கெட்டியாக நூல் நூலாக இறங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் பக்கம் திரும்பினான், ஆனால் பார்வை என்மேல் நிலைக்கவில்லை. நாலு அடி நடந்தான், பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டன, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடப் பார்த்தேன். டாக்டருக்குப் போன் போட்டபோது அவர் சொன்னதுதான் அவனைக் காப்பாற்றியது: “முதல்ல அங்கேயே உடம்பைக் குளிர வைங்க. அப்புறம் கிளம்புங்க.” குழாயடியில் வைத்து வயிறு, தொடை இடுக்கு, மார்பு, கால்கள் என்று விடாமல் தண்ணீர் ஊற்றினோம். பக்கத்தில் நின்ற ஒருவர் ஈரத் துண்டைக் கொண்டுவந்து போர்த்தப் போனார். டாக்டர் போனிலேயே வேண்டாம் என்றார். போர்த்திய துண்டு கொஞ்ச நேரத்தில் சூடாகி, உடம்பின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளுமாம். தண்ணீர் ஊற்றிக் காற்றுப் பட வைப்பதுதான் சரியான வழி. வண்டியில் ஏசியை முழுசாகப் போட்டு, நனைந்த நாயோடு போய்ச் சேர்ந்தோம். அங்கே உடம்புச் சூட்டைப் பார்த்தபோது 40.6 டிகிரி செல்சியஸ். அதற்குள் எவ்வளவு இறங்கியிருந்தது, உச்சியில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நாய்க்கு இயல்பான சூடு 38.3-இலிருந்து 39.2 வரை. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகளே பாதிக்கப்பட ஆரம்பிக்கும். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. பிழைத்துக்கொண்டான்.

அன்றைக்கு டாக்டர் சொன்ன ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. விளையாட்டில் இறங்கிய நாய் தானாக நிறுத்தாது. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்கு உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். நாக்கிலும் மூக்கிலும் இருக்கும் ஈரம் காய்ந்தால்தான் அந்த வேலை நடக்கும். காற்றே ஈரமாக இருக்கிற புழுக்கத்தில் எதுவும் காயாது. அதனால்தான் மூட்டமான நாளும் ஆபத்து. வெப்பத் தாக்குதல் என்றாலே பூட்டிய காரில் விட்டுவிட்ட நாய்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பிரிட்டனின் ராயல் வெட்டினரி காலேஜ் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சிகிச்சைக்கு வந்த நாய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, ஓடியும் நடந்தும் விளையாடியும் பாதிக்கப்பட்டவை. அது குளிர்ந்த நாட்டின் கணக்கு.

அப்போதிருந்து எந்தப் பூங்காவுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இங்கே நாயை நிறுத்துவது யார்?

இந்தப் பூங்காவில் முதலில் நேரம் நிறுத்துகிறது. அடுத்து காவலாளி நிறுத்துகிறார். அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஊதுவார். ஊதினால் எல்லோரும் அவரவர் நாயைக் கூப்பிட்டு மர நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு நேரம் நிறுத்திவைக்க வேண்டும் என்று முதல் வாரம் கேட்டேன்.

“வாய் மூடுற வரைக்கும்மா.”

எனக்குப் புரியவில்லை. செவலையைக் காட்டினார். அவன் நிழலில் வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்து இரைத்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மூச்சு வேகம் குறைந்தது. தூரத்தில் ஏதோ சத்தம் கேட்டு, காதைத் தூக்கி, வாயை மூடிக் கேட்டான். மறுபடி திறந்தான். “இன்னும் கொஞ்சம்” என்றார் அவர். நாலாவது நிமிடத்தில் வாயை மூடினான், மூடியபடியே மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தான். “இப்ப விடுங்க.” எந்தக் கருவியும் வேண்டாத இந்த அளவுகோலை நான் இப்போது வாக்கிங்கிலும் வைத்துக்கொள்கிறேன். ஐந்து நிமிடம் நிழலில் இருந்தும் வாய் மூடவில்லை என்றால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது, வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு பலனும் கிடைத்தது. முன்பெல்லாம் பூங்காவில் செவலையைக் கூப்பிட்டால் வரமாட்டான். கூப்பிடுவது வீட்டுக்குப் போகத்தான் என்று அவனுக்குத் தெரியும், அதனால் இன்னும் தூரமாக ஓடுவான். இங்கே ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை கூப்பிடுகிறேன், நாலு தடவை மறுபடி விளையாட விடுகிறேன். மூன்றே வாரத்தில் விசில் சத்தம் கேட்டவுடனே அவனாகவே மரத்தடிக்கு வர ஆரம்பித்தான்.

சரி, பூங்காவுக்குள் வருகிறேன்.

வாசலில் இரட்டைக் கதவு. வெளிக்கதவைத் திறந்தால் எட்டடிக்கு எட்டடி இருக்கும் ஒரு சிறு அடைப்பு. வெளிக்கதவைச் சாத்தித் தாழ் விழுந்த பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். இந்தத் தாழ்ப்பாள் நன்றாக யோசித்துப் போட்டது: கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், கொக்கி தன் எடையாலேயே விழும். கையில் தண்ணீர்ப் பாட்டிலும் பையும் வைத்துக்கொண்டு, மறுகையில் இழுக்கிற நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு அதன் அருமை தெரியும். செயினை இந்த அடைப்பிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளே போய்க் கழற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அதுதான் சண்டைக்கு முதல் காரணம். அவிழ்த்துவிட்ட பத்து நாய்க்கு நடுவே செயினில் கட்டிய ஒரு நாய் நின்றால், அதனால் விலகிப் போக முடியாது. விலக முடியாத நாய் பல்லைக் காட்டும். ஹார்னஸையும் முள் பட்டையையும் இங்கேயே கழற்றச் சொல்கிறார்கள். விளையாட்டில் ஒன்றின் பல் இன்னொன்றின் பட்டையில் மாட்டிக்கொண்டால் இரண்டுமே பதறிவிடும்.

புதிதாக ஒரு நாய் வந்தால் உள்ளே இருக்கிற கூட்டம் முழுவதும் கதவுக்கு ஓடும். அந்த நெருக்கடியில் அறிமுகம் ஆவது எந்த நாய்க்கும் நல்லதல்ல. காவலாளி முதலில் உள்ளே இருப்பவர்களைத் தங்கள் நாய்களைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் உள்கதவைத் திறக்கிறார். வேலி ஆறடி உயரக் கம்பி வலை. அடியில் சிமெண்டுப் பட்டைக்குள் புதைத்திருக்கிறார்கள், அதனால் தோண்டி வெளியே போக முடியாது. மூலைகளை வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். துரத்தப்படும் நாய் மூலையில் மாட்டிக்கொள்ளாமல் வளைந்து ஓடிப் போய்விடும். முதலில் இது அழகுக்காக என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பயந்த சுபாவமுள்ள ஒரு குட்டி அந்த வளைவிலேயே திரும்பித் தப்பியதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

வேலி போட்டு நாயை அவிழ்த்துவிடுகிற பூங்கா என்ற ஏற்பாடு அவ்வளவு பழையதல்ல. 1979-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கியதைத்தான் முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெர்க்லி கடல் காற்று வீசும் மிதமான ஊர். அங்கே திறந்த புல்வெளியும் வேலியும் இருந்தால் போதும். அதே படத்தை எடுத்துக்கொண்டுவந்து வெயில் கொளுத்தும் இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் பல பூங்காக்களில் பார்த்திருக்கிறேன். நட்ட நடுவில் வெட்டவெளி, ஓரத்தில் நாலு பெஞ்சு, பெஞ்சுக்கு மேல் மட்டும் நிழல். மனிதர்கள் நிழலில், நாய்கள் வெயிலில்.

இங்கே பெரிய நாய்ப் பகுதியில் ஆறு வளர்ந்த மரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில்தான் ஓடுகிற இடமே. தகரக் கொட்டகை நிழலும் மர நிழலும் ஒன்றல்ல. தகரம் சூடேறி, அந்தச் சூட்டைக் கீழேயும் இறக்கும். மரம் இலை வழியாக நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அடியில் உண்மையாகவே குளிரும். நாய்களே சொல்லிவிடும், எங்கே போய்ப் படுக்கின்றன என்று பாருங்கள்.

மரத்தடியில் அங்கங்கே குழிகள் இருக்கும். முதலில் பராமரிப்பு சரியில்லை என்று நினைத்தேன். காவலாளி வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறார். ஒரு சாண் தோண்டினால் மண் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், நாய்க்கு அது தெரியும். செவலை முன்னங்காலால் பரபரவென்று தோண்டி, மூக்கை உள்ளே விட்டு மோந்து, மூன்று சுற்றுச் சுற்றி, வயிறு சரியாகக் குழிக்குள் பதிகிற மாதிரி படுத்துக்கொள்வான். வயிற்றில் முடி குறைவு, சூடு அங்கேதான் வேகமாக இறங்கும். இரவு பூட்டும் முன் காவலாளி குழிகளை மூடிவிடுவார், இல்லாவிட்டால் ஓடுகிற நாயின் கால் சுளுக்கிக்கொள்ளும். மறுநாள் காலையில் அவை மறுபடி தோண்டும்.

தரையில் பெரும்பகுதி மண்ணும் மரத்துண்டுகளும். அதில் குறை இல்லை. குறை வாசலுக்கு இடப்பக்கம் இருக்கிற செயற்கைப் புல். பார்க்கப் பசுமையாக இருக்கும், படத்தில் நன்றாக விழும், கழுவவும் சுலபம். ஆனால் வெயிலில் அது சிமெண்டையும் மிஞ்சிச் சூடேறும். உயிருள்ள புல்லில் இருக்கிற ஈரம் இதில் கிடையாது. ஒருநாள் காலை எட்டே முக்காலுக்குக் காவலாளி தன் வெப்பமானியைக் காட்டி அளந்தார். மரத்தடி மண் 29 டிகிரி. பத்தடி தள்ளி, வெயில் விழுந்த செயற்கைப் புல் 51. காற்றில் 25 டிகிரி இருக்கும்போதே நேர்வெயிலில் தார்ச்சாலை 50-ஐத் தொட்டுவிடும் என்பார்கள், இதுவும் அந்த ரகம்தான். நாயின் உள்ளங்கால் நம் செருப்பு இல்லை. புண்ணாகித் தோல் உரிந்தால் ஆற வாரக்கணக்கில் ஆகும், அதுவரை நடக்கவைக்காமல் இருப்பதும் பெரிய பாடு. அந்தப் பச்சைத் திட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டு மண்ணாகவே விடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

மாலை நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மணிக்குத் திறந்துவிட்டாலும் வாசல் சிமெண்டுத் தளம் பகல் முழுவதும் குடித்த சூட்டை அப்போதுதான் விட்டுக்கொண்டிருக்கும். ஏழு வரை நான் செவலையைத் தூக்கிக்கொண்டுதான் அதைக் கடக்கிறேன். பதினெட்டுக் கிலோ. முடிந்தவரை காலையிலேயே போய்விடுவது நல்லது. விடியற்காலையில்தான் தரை உண்மையாக ஆறியிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் இந்தப் பூங்காவுக்கு நல்ல மதிப்பெண் தருவேன். முழங்கால் ஆழத்துக்கும் குறைவான ஒரு தொட்டி இருக்கிறது, தினமும் காலையில் காலி செய்து தேய்த்துக் கழுவிப் புதிதாக நிரப்புகிறார்கள். செவலை அதில் இறங்கி முன்னங்காலை நீட்டிப் படுத்து, தாடையை விளிம்பில் வைத்துக்கொண்டு மற்ற நாய்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். குழாயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் கொதிநீர் மாதிரி வரும். அவசரத்தில் நேராக நாய்மேல் பீய்ச்சினால் தோல் வெந்துபோகும். காவலாளி முதல் தண்ணீரை மரத்தின் வேருக்கு விட்டு, தன் கையில் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் நம்மிடம் கொடுப்பார்.

குடிக்கப் பொதுக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள், மூன்று வேளை கழுவுகிறார்கள். இருந்தாலும் நான் சொந்தக் கிண்ணம்தான் கொண்டுபோகிறேன். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, நாய் இருமல் எல்லாம் கிண்ணம் வழியாகச் சுலபமாகப் பரவும். தேங்கின தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும், அது மனிதருக்கும் வரும். ஒரேயடியாகக் குடிக்க விடாமல், ஓய்வுக்கு ஓய்வு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன்.

முதல் நாள் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். இதைச் செய்யாத பூங்காவுக்குப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முழுவதும் போட்டு முடியாத குட்டியை, அதாவது சுமார் நாலு மாதத்துக்கு உட்பட்டதை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கூட்டிவரக் கூடாது. பருவத்தில் இருக்கிற பெட்டை நாய்க்கும் அனுமதி இல்லை. மலம் அள்ளும் பைகள் சனி ஞாயிறு மாலையில் தீர்ந்துவிடுகின்றன, இதைச் சரிசெய்ய வேண்டும். சூடும் ஈரமுமான மண்ணில் கொக்கிப்புழு முட்டை சில நாளில் பொரிந்துவிடும். அதன் புழு உள்ளங்கால் தோல் வழியாகவே உள்ளே போகும், நாய்க்கும் சரி, செருப்பில்லாமல் நடக்கிற குழந்தைக்கும் சரி. அப்புறம் உண்ணி. வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கு, காதின் உள்மடல், பட்டைக்கு அடியில், வால் அடியில் தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சின்ன நாய்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, 12 கிலோவுக்குள். இது அவசியமான ஏற்பாடு. பெரிய நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், சின்னது கீச்சிட்டு ஓடும்போது அதற்கு வேட்டைப் புத்தி வந்துவிடலாம், ஒரு நொடி போதும். ஆனால் இந்தப் பூங்காவின் மிகப் பெரிய குறையும் இந்தப் பகுதிதான். ஒரு மரம்கூட இல்லை. ஒரு தகரக் கூரை மட்டும். பக், ஷிட்ஸூ போன்ற தட்டை மூக்கு நாய்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வருகின்றன. மூச்சுக்குழல் குறுகலான அவற்றுக்குத்தான் இரைத்துச் சூட்டை வெளியேற்றுவது மற்ற எல்லா நாயையும் விடக் கஷ்டம். நிழல் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு இல்லை. இதையும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அங்கே தினமும் ஒரு பெரியவர் தன் பக் நாயோடு வருவார். கதவு திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் நிற்பார், ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். அரை மணி நேரம்தான். ஒருநாள் நான் உள்ளே போக, அவர் வெளியே வந்துகொண்டிருந்தார்.

“என்ன ஐயா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க? இன்னும் வெயிலே வரலையே.”

“வெயில் வர்றதுக்குள்ள வீட்டுல இருக்கணும்மா. இவன் மூச்சு விடுறதைக் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். கொர்ருனு சத்தம் கொஞ்சம் மாறினாலே தூக்கிடுவேன்.” குனிந்து அதன் முகத்து மடிப்பைத் துணியால் துடைத்தார். “இவனுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். அவன்கிட்ட நான் இதைக் கவனிக்கலை.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வருகிற மனிதர்களைப் பற்றி: பெரும்பாலும் நல்லவர்கள், சிலர் போனை விட்டுத் தலையே தூக்குவதில்லை. இங்கே வந்தால் பார்க்க வேண்டியது நாயைத்தான். முன்பகுதியைத் தாழ்த்திப் பின்பகுதியைத் தூக்கிக் குனிகிறதா, துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி நடக்கிறதா, உடம்பு தளர்வாக இருக்கிறதா, அப்படியென்றால் உறுமினாலும் அது விளையாட்டு. உடம்பு விறைத்து, வால் உயர்ந்து அசையாமல் நின்றால் உடனே கூப்பிடுங்கள். சந்தேகமாக இருந்தால் மேலே ஏறி விளையாடுகிற நாயை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். அடியில் கிடந்தது எழுந்து மறுபடி அதனிடமே வந்தால் விளையாட்டு, விலகிப் போனால் அதற்குப் பிடிக்கவில்லை. பந்து, எலும்பு எதையும் உள்ளே கொண்டுவர விடுவதில்லை, சரியான விதி. இன்னொன்று: கூட்டமே பிடிக்காத நாய்களும் உண்டு. வேலி ஓரமாகவே ஒட்டிக்கொண்டு, வாலை இடுக்கிக்கொண்டு, கதவையே பார்க்கிற நாயைப் பழகிவிடும் என்று தினமும் இழுத்துவராதீர்கள். பொடிநடையாக ஒரு வாக்கிங் அதற்குப் போதும், அதிலேயே அது சந்தோஷமாக இருக்கும்.

வண்டி நிறுத்தும் இடத்தில் நிழல் இல்லை. இது நாய்க்கு நேரடியான ஆபத்து. பூங்காவில் ஓடிச் சூடேறிய நாயை, கொதிக்கிற வண்டியில் ஏற்றக்கூடாது. வெளியே 24 டிகிரிதான் இருந்தாலும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 34 ஆகிவிடும். நான் முதலில் தனியாகப் போய் நாலு கதவையும் திறந்து, ஏசி போட்டு, இருக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் வந்து செவலையை அழைத்துப் போகிறேன். அதுவரை அவன் மரத்தடியில் காவலாளியோடு இருப்பான்.

மொத்தத்தில், வெயில் ஊரில் நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பூங்காவை மனதாரச் சிபாரிசு செய்கிறேன். தட்டை மூக்கு நாய், வயதான நாய், குண்டான நாய், அடர்ந்த முடியுள்ள நாய் வைத்திருப்பவர்கள் காலை முதல் அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூட்டைத் தணிக்கிறேன் என்று மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு முடியுள்ள நாய்க்கு மொட்டை அடித்துவிட்டு வராதீர்கள், அந்த முடிதான் வெயிலைத் தடுக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் போய்க் கதவைத் தட்டாதீர்கள். அவர் திறக்கமாட்டார்.

சின்ன நாய்ப் பகுதியில் போன மாதம் மூன்று மரக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்ததற்காகவா, வேறு யாராவது கேட்டார்களா தெரியாது. நாய்கள் காலைத் தூக்கினால் கன்று கருகிவிடும் என்று ஒவ்வொன்றையும் சுற்றி இடுப்பளவுக்குக் கம்பி வலை கட்டியிருக்கிறார் காவலாளி. நேற்று ஆறு மணிக்கு நாங்கள் உள்ளே போகும்போது அந்தப் பெரியவர் கிளம்பிக்கொண்டிருந்தார். பக் குடித்தது போகப் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை, வலைக்கு மேலாகக் கையை நீட்டி, நடுக் கன்றுக்கு ஊற்றினார். அதில் புதிதாக நாலு இலை விட்டிருந்தது.